ஒன்று கூட்டினால் நான்கு நகர்வது ஏன்?

நம் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் சி மொழி படிக்கத் தொடங்கினால், ஒருநாள் இந்தக் கேள்வியோடு வந்து நிற்பார்கள்: "பாயிண்டர்ல ஒண்ணு கூட்டினேன்பா, முகவரி நாலு கூடியிருக்கு. கணக்கே தப்பா வருதே!"

கணக்கு தப்பில்லை. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தை நம் கொல்கத்தாவிலேயே புரட்டலாம்.

இலக்கணம் படித்த தமிழருக்குப் பாயிண்டர் புதிதல்ல. அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகள் பொருளைத் தருவதில்லை, அது இருக்கும் இடத்தைக் காட்டுகின்றன. பாயிண்டரும் அப்படித்தான். நினைவகத்தில் ஒரு தகவல் இருக்கும் முகவரியை மட்டும் அது தாங்கி நிற்கும்.

லேக் மார்க்கெட்டிலிருந்து வடக்கே போனால் பி.டி. ரோட்டில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. நம் எஸ்.ஆர்.எஸ். வரதன் 1963-இல் முனைவர் பட்டம் பெற்ற இடம். இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணிப்பொறியான ஹெச்.இ.சி.-2எம், 1955-56-இல் இங்கிலாந்திலிருந்து அங்கேதான் வந்தது. சுழலும் காந்த உருளை ஒன்றே அதன் நினைவகம். மொத்தம் 1024 அறைகள். எந்த எண் எந்த அறையில் இருக்கிறது என்பதை மனிதரே குறித்துவைத்து எந்திர மொழியில் எழுத வேண்டும். அங்கே ஒன்று கூட்டினால் அடுத்த அறை, அவ்வளவுதான்.

1967-இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பி.சி.பி.எல்., அதிலிருந்து 1969-இல் கென் தாம்ஸன் பெல் ஆய்வகத்தில் ஆக்கிய பி ஆகிய மொழிகளிலும் இதே ஏற்பாடுதான்: ஒரு முகவரிக்கு ஓர் அறை.

1970-இல் வந்த பி.டி.பி.-11 இதை மாற்றியது. அதில் பைட்டுக்கு ஒரு முகவரி. எழுத்துக்கு 1 பைட் போதும், முழு எண்ணுக்கு 2 வேண்டும். வெறுமனே ஒன்று கூட்டினால் எண்ணின் நடுவிலே போய் நிற்போம்! டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கியபோது இதற்கு வழி கண்டார். பாயிண்டர் எந்த வகைப் பொருளைச் சுட்டுகிறது என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அப்போது ஒன்று கூட்டுவது "அடுத்த பொருளுக்குப் போ" என்று பொருள்படும். எத்தனை பைட் தாண்டுவது என்பதைக் கம்பைலரே பெருக்கிக்கொள்ளும். இன்று முழு எண் பெரும்பாலும் 4 பைட். ஆகவே 1000-க்கு அடுத்தது 1004. எழுத்தானால் 1001. கழித்தலும் அப்படியே: 1012-இலிருந்து 1000 போனால் விடை 12 அல்ல, 3 பொருள்கள்.

ஆனால் வரிசை எங்கே முடிகிறது என்று சி பார்ப்பதில்லை. கடைசிப் பொருளுக்கு அடுத்த இடம்வரை சுட்டலாம், அங்கே எழுதக் கூடாது. மீறினாலும் தடுப்பார் இல்லை. 1988 நவம்பரில் பரவிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான். கெட்ஸ் என்ற செயற்கூறு எல்லை பாராமல் எழுதிக்கொண்டே போனது. 2011-ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் அதை நீக்கினார்கள்.

அடுத்த தடவை பிள்ளை கேட்டால் ஒரு தாளில் கட்டம் போட்டு 1000, 1004, 1008 என்று எழுதிக் காட்டுங்கள். அன்று மனிதர் கையால் போட்ட முகவரிக் கணக்கை இன்று கம்பைலர் போடுகிறது. எல்லை பார்ப்பது மட்டும் இன்னும் நம் பொறுப்பு என்பதையும் மறக்காமல் சொல்லிவையுங்கள்.