பகிர்வு விரிதாள்களில் அறுந்த கோப்பு இணைப்புகள்

ஒரு விரிதாளின் கட்டத்தில் தெரியும் எண் அங்கேயே தட்டச்சு செய்யப்படாமல், சூத்திரத்தின் வழியே வேறொரு கோப்பிலிருந்து எடுத்து வரப்பட்டால், அந்தச் சூத்திரத்தைக் கோப்பு இணைப்பு என்பர். அலுவலகங்களில் வழங்கும் பெயர் லிங்க். பத்துக் கிளைகளின் மாதக் கணக்கும் தலைமையகத்தின் ஒரே தொகுப்புத் தாளில் வந்து சேர்வது இதனால்தான். மூலக் கோப்பு இடம் மாறினாலும், பெயர் மாறினாலும், திறக்கும் அனுமதி போனாலும் இணைப்பு அறும். அதைச் சரிசெய்வது என்றால் பிழைச் செய்தியை மறைய வைப்பது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது போதாது. இணைப்பு வேலை செய்கிறதா என்பது ஒரு கேள்வி. அது கொண்டுவரும் எண் சரிதானா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குப் பெரும்பாலும் மென்பொருளே விடை சொல்லிவிடும். இரண்டாவதற்குச் சொல்லாது. பிழை காட்டும் கட்டம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது; போன மாத எண்ணைத் தாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் நிற்கும் கட்டம்தான் சம்பளப் பட்டியலையும் கொள்முதல் ஆணையையும் கவிழ்க்கிறது. பழுது பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த எண் எங்கிருந்து, எப்போது வந்தது என்பதைத்தான்.

இதற்கு எக்செல் இணைப்பை எப்படிச் சேமிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆஃபீஸ் 2007 முதல் வழங்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு, ஜிப் முறையில் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை. கோப்பை நகலெடுத்து, நகலின் பெயர் ஈற்றை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே எக்ஸ்எல் என்ற கோப்புறையும் அதற்குள் எக்ஸ்டெர்னல்லிங்க்ஸ் என்ற கோப்புறையும் இருக்கும். இணைத்த ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் அங்கே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு உண்டு. இயல்பான அமைப்பில், மூலத்திலிருந்து கடைசியாகப் படித்த மதிப்புகள் அதில் கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். மூலத்தின் முகவரி அதன் துணைக் கோப்புறையில் தனியே கிடக்கும். முகவரி செத்துப்போனாலும் மதிப்புகள் அழிவதில்லை. மூலக் கோப்பை யாரோ நீக்கி ஓராண்டு ஆன பிறகும் தொகுப்புத் தாள் முழு எண்களோடு திறப்பது இதனால்தான். (தொகுப்புக் கோப்பை வெளியாருக்கு அனுப்புகிறவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்: மூலத்தை அனுப்பாவிட்டாலும் அதிலிருந்து படித்த எண்கள் கூடவே போகின்றன.) மூலக் கோப்பு மூடியிருக்கும்போது சூத்திரப் பட்டையில் முழுப் பாதையும் தெரியும். ஆனால் அது கோப்புக்குள் பதிந்திருக்கும் பாதை அப்படியே அல்ல. மூலமும் தொகுப்பும் ஒரே கோப்புறையில் இருந்தாலோ, மூலம் அதன் உட்கோப்புறையில் இருந்தாலோ, எக்செல் சார்புப் பாதையை மட்டுமே பதிகிறது; திரையில் காட்டும்போது தொகுப்புக் கோப்பு இப்போது இருக்கும் இடத்தோடு சேர்த்துக் காட்டுகிறது. கோப்புறையை மொத்தமாக நகர்த்தினால் இணைப்பு பிழைத்துக்கொள்வதும், தொகுப்பை மட்டும் எடுத்துப் போனால் அறுவதும் இதன் விளைவு.

பாதை என்பது ஒரு கணினியில் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் வழி. ‘கோயிலுக்கு இடப்பக்கம் மூன்றாவது வீடு’ என்று சொன்னால், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதைப் பொறுத்து வீடு மாறும். பொதுச் சர்வரில் உள்ள கோப்புறையை ஒருவர் தன் கணினியில் இசட் டிரைவாக வைத்திருப்பார். பக்கத்து மேசையில் அதே கோப்புறை ஒய் டிரைவாக இருக்கும். மூலக் கோப்பை எந்த வழியில் திறந்தோமோ அந்த வழியிலேயே எக்செல் இணைப்பை அமைக்கிறது. இசட் வழியாகத் திறந்து அமைத்தது ஒய்க்காரரிடம் தடுமாறும். சர்வரின் பெயரோடு தொடங்கும் யுஎன்சி முகவரி வழியாகத் திறந்து அமைத்தால், அந்தச் சர்வரை எட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். ஒன்டிரைவில் இந்தச் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. ஒத்திசைந்த கோப்புறை ஒவ்வொருவர் கணினியிலும் சி டிரைவில் அவரவர் பயனர் பெயருக்குக் கீழே இருக்கிறது. அந்தப் பாதை இணைப்பில் ஏறிவிட்டால், அமைத்தவர் கணினியில் மட்டுமே அது உயிரோடிருக்கும். அவர் சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் சரியாகவே வரும். அதனால் இணைப்பை அமைத்தவர் கணினியில் செய்த சோதனையை நம்பக் கூடாது; வேறொருவர் கணினியில், மூலக் கோப்பை மூடிவைத்துச் சோதிக்க வேண்டும். பாதையின் நீளமும் ஒரு காரணமாகலாம். எக்செல் கோப்பின் பெயரும் பாதையும் சேர்ந்து 218 எழுத்துக்குறிகளைத் தாண்டக் கூடாது. விந்தையான இந்த எண்ணுக்குக் காரணமே இணைப்புதான்: ஓர் இணைப்பு முகவரிக்கான 256 குறி வரம்பில், 31 குறி வரை நீளும் தாளின் பெயருக்கும், சதுர அடைப்பு, மேற்கோள், ஆச்சரியக்குறி, கட்டத்தின் முகவரி ஆகியவற்றுக்கும் இடம் விட்டது போக மிஞ்சுவதே 218.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. ‘கொள்முதல்’ என்ற சொல்லின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே அடுக்கியும் எழுதலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இப்படியே. கண்ணுக்கு இரண்டும் ஒன்று; யூனிகோடு தரமும் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளச் சொல்கிறது. ஆனால் விண்டோஸின் கோப்பு முறை இவற்றை இரண்டு வேறு பெயர்களாகவே வைத்திருக்கும். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறையோ பெயரைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது. அங்கிருந்து வந்த கோப்பை விண்டோஸில் வைத்தால், பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தியும் இணைப்பு ‘மூலம் இல்லை’ என்று சொல்லலாம். கோப்பின் பெயரை அழித்து ஒருமுறை விண்டோஸிலேயே தட்டச்சு செய்து, பிறகு இணைப்பைப் புதிதாகச் சுட்டினால் தீரும். இது தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தேடலாம்.

இனி சத்தமில்லாத பிழைகள். தொகுப்புக் கோப்பைத் திறந்ததும் ‘இணைப்புகளைப் புதுப்பிக்கவா’ என்று எக்செல் கேட்கும். ‘வேண்டாம்’ என்றால் மூட்டைக்குள் இருக்கும் பழைய மதிப்புகளே தெரியும். ‘ஆம்’ என்று சொல்லி மூலம் கிடைக்காமல் போனாலும், எச்சரிக்கையைத் தாண்டியதும் பழைய மதிப்புகளே நிற்கும். இந்தக் கேள்வியே வராதபடி, புதுப்பிக்காமலேயே திறக்கும்படி கோப்பில் ஓர் அமைப்பு வைக்கலாம். அது அந்தக் கோப்பைத் திறக்கும் எல்லோரையும் கட்டுப்படுத்தும். தொல்லை தாங்காமல் என்றோ ஒருவர் வைத்த அமைப்பு, அதன் பிறகு வந்தவர்களுக்கு எண் பழையது என்ற தடயத்தையே இல்லாமலாக்கிவிடும். இதைவிட மோசமானது வரிசை நகர்வு. மூலத்தில் பி12 கட்டத்தில் மொத்தம் இருக்கிறது, தொகுப்பு அதைச் சுட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோப்பும் ஒரே கணினியில் திறந்திருக்கும்போது மூலத்தில் அதற்கு மேலே ஒரு வரிசை நுழைத்தால் எக்செல் இணைப்பை பி13 என்று தானே திருத்திக்கொள்ளும். தொகுப்பு மூடியிருந்தால் திருத்த ஆளில்லை. மறுநாள் புதுப்பிக்கும்போது, மொத்தத்துக்குப் பதிலாக அதற்கு மேல் வரிசையில் இருக்கும் எண் வந்து உட்காரும். இணைப்பின் நிலையைக் கேட்டால் ‘ஓகே’ என்றே விடை வரும். பலர் கைவைக்கும் கோப்பில் இது என்றாவது ஒரு நாள் நடந்தே தீரும். மூலத்தில் மொத்தக் கட்டத்துக்கு ஒரு பெயர் சூட்டி, தொகுப்பில் முகவரிக்குப் பதில் அந்தப் பெயரைச் சுட்டினால், கட்டம் எங்கே நகர்ந்தாலும் பெயர் கூடவே நகரும்.

எல்லா இணைப்பும் ஒன்றல்ல என்பதால், கையில் இருப்பது எந்த வகை என்று முதலில் பிரிக்க வேண்டும். சொடுக்கினால் கோப்பைத் திறக்கும் ஹைப்பர்லிங்க் வேறு, எண்ணை எடுத்துவரும் சூத்திரம் வேறு. ஹைப்பர்லிங்குகள் பல ஒரே நாளில் ஆப்டேட்டா என்ற உள்கோப்புறையைச் சுட்டும்படி மாறிப்போவது எக்செலில் பலருக்கு நேர்ந்த தொல்லை; சேமிக்கும்போது இணைப்புகளைப் புதுப்பிக்கும் அமைப்பை வெப் ஆப்ஷன்ஸில் அணைத்து வைப்பது வழக்கமான தற்காப்பு. சூத்திரங்களிலும் வேறுபாடு உண்டு. இன்டைரக்ட் சூத்திரம், மூலக் கோப்பு மூடியிருந்தால் ரெஃப் பிழை தரும். சம்இஃப், கவுன்ட்இஃப் வேல்யூ பிழை தரும். இங்கே பாதையில் குற்றமில்லை. சம்இஃப், கவுன்ட்இஃப் சூத்திரங்களைச் சம்ப்ராடக்ட் போன்றவற்றால் திருப்பி எழுதினால் மூடிய கோப்பிலிருந்தும் விடை வரும். கோப்பின் இணைப்புகள் எல்லாம் டேட்டா பட்டையில் எடிட் லிங்க்ஸ் என்ற இடத்தில் பட்டியலாக இருக்கும். புதிய பதிப்பில் அதன் பெயர் வொர்க்புக் லிங்க்ஸ். இடம் மாறிய மூலத்தை அங்கிருந்தே புது இடத்துக்குத் திருப்பலாம். பட்டியலில் இருந்தும் எந்தக் கட்டத்திலும் அகப்படாத இணைப்புகள் உண்டு. அவை பெயர் மேலாளரிலும், நிபந்தனை வடிவமைப்பிலும், உள்ளீட்டுக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களிலும், வரைபடத் தொடர்களிலும் ஒளிந்திருக்கும். சூத்திரங்களுக்குள் சதுர அடைப்புக் குறியைத் தேடினால் கட்டத்தில் உள்ளவை கிடைக்கும். மற்றவற்றை ஒவ்வோர் இடமாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

மேகத்துக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. கூகுள் ஷீட்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாள எண் இருக்கிறது. வேறு கோப்பிலிருந்து மதிப்புகளை எடுத்துவரும் இம்போர்ட்ரேஞ்ச் சூத்திரம் அந்த எண்ணைச் சுட்டுவதால், கோப்பின் பெயரை மாற்றினாலும் வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலும் இணைப்பு அறுவதில்லை. ஆனால் அந்தச் சூத்திரத்தில் தாளின் பெயரும் கட்ட எல்லையும் வெறும் உரையாகவே எழுதப்படுகின்றன. மூலத்தில் தாளின் பெயரை மாற்றினால் ரெஃப் பிழை. வரிசை நுழைத்தால் மேலே சொன்ன அதே நகர்வு. அனுமதி இன்னொரு பலவீனமான கண்ணி. இரண்டு கோப்புகளையும் இணைக்க ஒருவர் ஒருமுறை அனுமதி தருகிறார்; அவர் மூலக் கோப்பிலிருந்து நீக்கப்படும் வரை அது செல்லும். அவர் வேலையை விட்டுப் போய் அவருடைய அணுகல் நீக்கப்பட்டதும், கோப்பில் யாரும் கைவைக்காமலே இணைப்பு அறும். இன்னும் நுட்பமானது நகல். ஏப்ரலில் புது நிதியாண்டுக்காகத் தொகுப்புக் கோப்பை நகலெடுத்துத் தலைப்பில் ஆண்டை மாற்றுகிறோம். சூத்திரத்தில் போன ஆண்டின் அடையாள எண் அப்படியே இருக்கிறது. இணைப்புக்கு அனுமதி தந்துவிட்டால், புதிய தலைப்பின் கீழ் பழைய ஆண்டின் எண்கள் எந்தப் பிழையும் காட்டாமல் வந்துகொண்டிருக்கும். முகவரி நிலையானது என்பதாலேயே இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை.

இணைப்பே வேண்டாம், எண்களை நகலெடுத்து ஒட்டிவிடலாம் என்ற வாதமும் உண்டு. அதன் ஈர்ப்பு புரிகிறது: ஒட்டிய எண் அறுவதில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்ற சுவடும் இருப்பதில்லை. 2012ஆம் ஆண்டில் ஜே.பி. மார்கன் வங்கியின் லண்டன் பிரிவு சுமார் 620 கோடி டாலர் இழந்த விவகாரத்தில், வங்கியின் குழுவே 2013 ஜனவரியில் தந்த அறிக்கை, இடர்ப்பாட்டைக் கணக்கிடும் முறை ஒரு விரிதாளிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் நகலெடுத்து ஒட்டும் வழியில் ஓடியதைக் குறையாகச் சுட்டியது. இழப்புக்கு அது ஒன்றே காரணமல்ல. ஆனாலும் கையால் ஒட்டுவது பாதுகாப்பான மாற்று என்ற எண்ணத்துக்கு அது நல்ல மறுப்பு. இதே எச்சரிக்கை எக்செலின் பிரேக் லிங்க் பொத்தானுக்கும் பொருந்தும். அது சூத்திரங்களை அப்போதைய எண்களாக மாற்றிவிடும். திரும்பப் பெற வழியில்லை. எண் பழையதா என்று பார்க்காமல் அதை அழுத்தினால், பழைய எண் நிரந்தரமாகிவிடும்.

வேறு சிலர், இதெல்லாம் மிகை, பிழை வந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பார்கள். என்ரான் நிறுவனம் வீழ்ந்த பிறகு வெளியான மின்னஞ்சல்களில் 15,000க்கும் மேற்பட்ட விரிதாள்கள் இருந்தன. ஆய்வாளர்கள் ஃபெலியன் ஹெர்மன்ஸும் எமர்சன் மர்ஃபி-ஹில்லும் அவற்றை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள்: சூத்திரம் இருந்த கோப்புகளில் 24 விழுக்காட்டில் ஏதாவதொரு எக்செல் பிழை வெளிப்படையாகவே தெரிந்தது. அது எல்லா வகைப் பிழைக்குமான கணக்கு, இணைப்புக்கு மட்டுமானதன்று. இருந்தாலும், கண்ணில் படும் பிழையே திருத்தப்படாமல் கைமாறியது என்றால், கண்ணில் படாதது தானாகப் பிடிபடும் என்று எதிர்பார்க்க முடியாது.

பழைய எண்ணைக் கண்ணில் பட வைக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு மூலக் கோப்பிலும், கணக்கை முடித்தவர் கையால் தேதியிடும் ஒரு கட்டத்தையும் மொத்தம் காட்டும் ஒரு கட்டத்தையும் வைத்து, இரண்டுக்கும் பெயர் சூட்ட வேண்டும். தொகுப்புக் கோப்பு எண்களோடு இந்த இரண்டையும் எடுத்துவர வேண்டும். எடுத்துவந்த வரிகளின் கூட்டல் மூலத்தின் மொத்தத்தோடு பொருந்தாவிட்டாலோ, தேதி இந்த மாதத்துக்கு முந்தையதாக இருந்தாலோ, அந்தக் கிளையின் வரி சிவப்பாக வேண்டும். தேதியைக் கையால்தான் இட வேண்டும். டுடே சூத்திரத்தைப் போட்டால் மூலத்தை யார் எதற்காகத் திறந்து சேமித்தாலும் அன்றைய தேதி ஏறிவிடும். கணக்கு மூன்று மாதமாகத் தொடப்படாமல் கிடந்தாலும் வரி சிவப்பாகாது.