கடல் கடந்த எண்ணெய்

ஜமைக்காவின் கிராமங்களில் ஆமணக்கெண்ணெய் எடுப்பதைப் பார்க்கும் தமிழருக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. காய்ந்த விதைகளைச் சட்டியில் கருக வறுக்கிறார்கள். மர உரலில் போட்டு உலக்கையால் இடிக்கிறார்கள். விழுதாகி வந்ததும் பெரிய பானையில் தண்ணீர் ஊற்றி, விறகடுப்பில் மணிக்கணக்காகக் கொதிக்க விடுகிறார்கள். மேலே மிதந்து வரும் எண்ணெயை அகப்பையால் வழித்தெடுத்து, ஈரம் சுண்டும்வரை மறுபடி காய்ச்சுகிறார்கள். நம் ஊர்ப் பாட்டிமார் வீட்டிலேயே விளக்கெண்ணெய் காய்ச்சியதும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரே வேறுபாடு, வறுவல் நன்றாக முற்றி, கொஞ்சம் சாம்பலும் கலப்பதால் ஜமைக்கா எண்ணெய் கரும்பழுப்பாக இருக்கும். புகை வாசம் அடிக்கும். அதன் பெயரே கறுப்பு ஆமணக்கெண்ணெய். வயிற்றைச் சுத்தம் செய்யவும் மூட்டுவலிக்குத் தேய்க்கவும் அது உதவினாலும், உலகம் முழுக்க அதற்குப் பெயர் வாங்கித் தந்தது தலைமுடிதான். ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் நெருங்கிச் சுருண்ட முடி.

அந்த முடிக்கு எண்ணெய் அலங்காரம் அல்ல, அன்றாடத் தேவை. மயிர்க்கால்களை ஒட்டிய சுரப்பிகளில் இயற்கையாகவே எண்ணெய் ஊறுகிறது. நேரான முடியில் அது வழுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவிலும் தேங்கிவிடும். இழையும் உருண்டையாக இல்லாமல் நாடாவைப் போலத் தட்டையாக இருக்கும். அதனால் வேரில் பிசுபிசுப்பு இருந்தாலும் நுனி காய்ந்தே கிடக்கும். சீப்பு பட்டால் வளைவுகளில் ஒடியும். உள்ளிருந்து போய்ச் சேராத எண்ணெயை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். இதை ஆப்பிரிக்கப் பெண்கள் மிகப் பழங்காலத்திலேயே கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள்.

ஆமணக்கின் பூர்வீகமே வடகிழக்கு ஆப்பிரிக்காதான். கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் மருத்துவச் சுவடி, பெண்களின் கூந்தல் வளர ஆமணக்கு விதையை அரைத்துக் கொழுப்பில் குழைத்துத் தலையில் பூசச் சொல்கிறது. நமீபியாவின் ஹிம்பா பெண்கள் வெண்ணெயும் செங்காவிப் பொடியும் குழைத்த ‘ஒட்ஜிஸே’ என்ற பூச்சை இன்றும் உடலிலும் சடைகளிலும் பூசிக்கொள்கிறார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த இடம் ஷியா மரத்துக்கு உரியது. செனகல் தொடங்கி உகாண்டா, எத்தியோப்பியா வரை சஹாராவுக்குத் தெற்கே நீளும் புல்வெளிகளில் அது தானாகவே வளர்கிறது. காய்க்கத் தொடங்கவே 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். காய்த்த பிறகு தலைமுறை தலைமுறையாகப் பலன் தரும். கொட்டை பொறுக்குவது முதல் வெண்ணெய் எடுப்பதுவரை எல்லாமே பெண்கள் வேலை. கொட்டையை அவித்து, உலர்த்தி, ஓடு நீக்கி, பருப்பை வறுத்து அரைப்பார்கள். அரைத்த மாவில் தண்ணீர் விட்டுக் கையாலேயே அடித்துப் பிசைவார்கள். காப்பிப்பொடி நிறத்தில் இருந்த கூழ் பிசையப் பிசைய வெளுத்து, தயிர் கடையும்போது வெண்ணெய் திரள்வதுபோலக் கொழுப்பு மேலே திரண்டு வரும். முழங்கைவரை வலிக்கும் வேலை அது.

இந்தத் தொழிலின் வயதை மண்ணே சொல்லியிருக்கிறது. புர்க்கினா ஃபாசோவின் கிரிகோங்கோ என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த ஷியா ஓடுகளை ஆராய்ந்தவர்கள், கி.பி. 100 வாக்கிலேயே அங்கே ஷியாக் கொட்டை பயன்பாட்டில் இருந்ததை 2016இல் வெளியிட்டார்கள். 1796இல் நைஜர் ஆற்றைத் தேடிப் போன ஸ்காட்லாந்துப் பயணி முங்கோ பார்க், வழியெங்கும் மக்கள் இந்தப் பழம் பொறுக்குவதைக் கண்டு வியந்தார். உப்பிடாமலே ஆண்டு முழுவதும் கெடாத அந்த வெண்ணெய், தாம் உண்ட பசு வெண்ணெயைவிடச் சுவையானது என்று எழுதிவைத்தார். பம்பாரா மொழியில் அந்த மரத்துக்கு ‘சி’ என்று பெயர். அது பார்க்கின் காதில் விழுந்தபடியே ஆங்கிலத்தில் ஷியா ஆனது.

பார்க் நடந்த அதே நிலத்திலிருந்துதான் மனிதர்களைச் சங்கிலியில் பிணைத்துக் கடற்கரைக்கு ஓட்டிச் சென்றார்கள். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பல் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர். ஏற்றும் முன் பலருக்குத் தலையை மழித்தார்கள். சடையின் வகையைப் பார்த்தே ஒருவரின் ஊரையும் குலத்தையும், மணமானவரா என்பதையும் சொல்லிவிடக்கூடிய சமூகங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். மழித்த தலையோடு அந்த அடையாளமும் போயிற்று.

முடி மறுபடி வளர்ந்தது. அதற்கு வேண்டிய ஷியா அமெரிக்காவில் இல்லை. தோட்டங்களில் வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு கிடைக்கும். அன்று ஒருவர் தலையை இன்னொருவர் மடியில் வைத்துச் சிக்கெடுப்பார்கள். கையில் கிடைத்த பன்றிக்கொழுப்பு, வாத்துக்கொழுப்பு, வெண்ணெய் ஆகியவைதான் எண்ணெய். ஆட்டுரோமம் வாரும் கம்பிப் பலகைதான் சீப்பு. முடியைச் சிறு சிறு பிரிவாக நூலால் சுற்றிக் கட்டி வாரம் முழுக்கத் துணிக்குள் மூடி வைப்பார்கள். 1930களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசு, அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்ற 2,000க்கும் மேற்பட்ட முதியவர்களைப் பேட்டி கண்டு பதிவு செய்தது. நூல் சுற்றிய தலைகளின் நினைவு அந்தப் பேட்டிகளில் வருகிறது. கரீபியன் தீவுகளில் நிலைமை கொஞ்சம் மேல். ஷியா வராத கடலை ஆமணக்கு கடந்து வந்திருந்தது. ஜமைக்காவிலும் ஹெயிட்டியிலும் விதையை வறுத்து இடித்துக் காய்ச்சும் வழக்கம் குடிசைக் கொல்லைகளில் வேர்விட்டது.

அந்த முடியின் அழகு ஆட்சியாளர்களை உறுத்தவும் செய்தது. 1786இல், ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவில் ஆளுநர் எஸ்டெபன் மிரோ, கறுப்பினப் பெண்கள் பொது இடத்தில் தலையைத் துணியால் மூட வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். பெண்களோ பளபளக்கும் துணிகளை விதவிதமாகச் சுற்றி, மூடுதுணியையே அழகாக்கிக்கொண்டார்கள்.

அதே லூசியானாவில்தான், அடிமை ஒழிப்புக்குப் பின் 1867இல், சாரா பிரீட்லவ் பிறந்தார். ஏழு வயதில் தாய் தந்தையை இழந்து, 14 வயதில் மணமாகி, 20 வயதில் கைம்பெண்ணாகி, செயின்ட் லூயிஸ் நகரில் துணி வெளுத்துப் பிழைத்தார். தலையில் புண் வந்து முடி கொட்டியது. குழாய்த் தண்ணீரே இல்லாத வீடுகளில் வாழ்ந்த பெண்கள் பலருக்கும் அன்று இருந்த நோய் அது. ஆனி டர்ன்போ என்ற கறுப்பினப் பெண்மணி நடத்திய ‘போரோ’ நிறுவனத்தின் தைலத்தைச் சாரா வீடு வீடாக விற்றார். பிறகு டென்வருக்குக் குடிபெயர்ந்து, 1906இல் சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்து, மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் சொந்தத் தைலம் தயாரித்தார். அதில் முக்கியச் சரக்கு பெட்ரோலியம் ஜெல்லியும் கந்தகமும். கொட்டிய முடிக்கு அது மருந்தானது. ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்கு வருமானமுமானது. 1917இல் பிலடெல்பியாவில் கூடிய அவருடைய முகவர்கள், கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமையைத் தடுக்கக் கோரி அதிபர் வில்சனுக்குத் தந்தி அனுப்பினார்கள். எண்ணெய் டப்பா விற்ற பெண்கள் செய்த காரியம் அது.

ஆனால் காலம் வேறு பக்கம் திரும்பியது. நேரான முடிதான் மரியாதை, வேலை கிடைக்க அதுதான் வழி என்றானது. சூடேற்றிய இரும்புச் சீப்பு பரவியது. அதற்குப் பின், சுருளையே கரைத்து நீட்டும் காரமருந்துகள் வந்தன. சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த அந்தக் களிம்பு சற்று அதிக நேரம் தங்கினால் உச்சந்தலை வெந்துபோகும். 1960களின் கறுப்பின எழுச்சியில், சுருளை அப்படியே வளரவிட்ட ஆஃப்ரோ தலைகள் நிமிர்ந்தன. அந்த அலை தணிந்ததும் களிம்பே மறுபடி கோலோச்சியது. 2000க்குப் பிறகுதான் பெண்கள் பெருமளவில் அதைக் கைவிட்டு ஷியா, ஆமணக்கு, தேங்காயெண்ணெய்ப் பக்கம் திரும்பினார்கள்.

அந்தத் திருப்பத்துக்கு அறிவியலும் துணை நிற்கிறது. தேங்காயெண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் இழைக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று மும்பை ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டார்கள். ஆமணக்கெண்ணெய் புதிதாக முடி முளைக்க வைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆனால் கெட்டியாகப் படிந்து ஈரத்தைக் காப்பதால் வளர்ந்த முடி ஒடியாமல் நிற்கும். பாட்டிகள் ‘வளர்கிறது’ என்று சொன்னதன் பொருள் அதுவாகவே இருக்க வேண்டும். மறுபக்கம், 33,497 அமெரிக்கப் பெண்களைக் கிட்டத்தட்ட 11 ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2022இல் வந்தது. ஓராண்டில் நான்கு தடவைக்கு மேல் முடி நேராக்கும் ரசாயனம் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகமாகக் காணப்பட்டது.

2019 ஜூலையில் கலிபோர்னியா மாநிலம், இயற்கையான முடியையும் சடையையும் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டக்கூடாது என்று சட்டம் இயற்றியது. தலையை மூடச் சொன்ன ஆணைக்கும் இதற்கும் இடையே 233 ஆண்டுகள். வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

நம் வீடுகளிலும் சுருட்டை முடிக் குழந்தைகள் உண்டு. ‘பரட்டை’ என்ற கேலியைக் கேட்டே வளர்ந்து, பெரியவளானதும் அழகு நிலையத்தில் முடியை நேராக்கிக்கொள்ளக் காசு சேர்ப்பவர்கள் அவர்கள். அப்படி ஒரு பெண் உங்கள் வீட்டில் இருந்தால், காய்ந்த தலையில் சீப்பைப் போடாதீர்கள். முடியை நனைத்து, உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ தேய்த்துத் தடவி, நுனியில் தொடங்கி வேரை நோக்கி விரலாலேயே சிக்கெடுத்துவிடுங்கள்.