குடும்பிமலைக்கு சைக்கிளில் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பில் மலை இருக்கா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாவி, பாடும் மீன், கல்லடிப் பாலம், பாசிக்குடா. எங்கட மாவட்டம் பற்றி வெளியூர் ஆட்கள் சொல்லும் பட்டியல் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஆனால் கிரான் பக்கம் வயல்வெளிக்குள் இறங்கி மேற்கே பார்த்தால், தட்டைத் தரையின் முடிவில் ஒரு பாறை எழும்பி நிற்கும். அதுதான் குடும்பிமலை. உயரம் சுமார் 530 மீற்றர். நுவரெலியாக்காரருக்கு இது ஒரு மேடு மாதிரித்தான் இருக்கும். சுற்றிவர மேடே இல்லாத எங்கட ஊரிலோ, இவ்வளவு உயரம் போதும், எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படும்.

2022இல் பெற்றோல் இல்லாமல் போன மாதங்களில் மூலைக்குள் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. பெற்றோல் திரும்பி வந்த பிறகும் சிலர் சைக்கிளை விடவில்லை. எங்கட பட்ச் பொடியன்களும் அப்படித்தான். லீவு நாளில் விடிய எழும்பி குடும்பிமலைக்குப் போய், மேலே நின்று படம் எடுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். படத்துக்குக் கீழே எழுதுவது பெரும்பாலும் ஒன்றுதான்: "2007இல் யுத்தம் நடந்த இடம்." அது பொய் இல்லை. ஆனால் அந்த மலையின் வரலாறு அவ்வளவுதானா? போகிற வழியைக் கொஞ்சம் மெதுவாகப் பார்த்தால் வேறு பல கதைகளும் கிடைக்கும். சைக்கிள் அதற்குத் தோதான வாகனம்.

ஒரு தலை, மூன்று பெயர்

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழில் குடும்பிமலை. அந்தக் காலத்து ஆண்கள் உச்சியில் முடிந்திருந்த குடும்பி மாதிரி அதன் உச்சிப் பாறை இருக்கிறது. சிங்களத்தில் தொப்பிகல, அதாவது தொப்பிப் பாறை. ஆங்கிலத்தில் அதை பரன்ஸ் கப் என்றார்கள், பிரபு ஒருவரின் தொப்பி என்று அர்த்தம்.

மூன்று மொழிக்காரரும் அந்தப் பாறையில் ஒரு மனிதத் தலையைத்தான் பார்த்திருக்கிறார்கள். தலையில் என்ன இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஒருவருக்குக் குடும்பி, இன்னொருவருக்குத் தொப்பி, மற்றவருக்குத் துரையின் தொப்பி. எந்தப் பெயர் முந்தியது என்று சண்டை பிடிக்க நான் இதை எழுதவில்லை. ஒரே பாறையைப் பல சனம் பல திசையிலிருந்து பார்த்து வாழ்ந்திருக்கிறது என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி. பிரச்சினை எப்போது வருகிறது என்றால், மூன்றில் ஒன்று மட்டும் பலகையில் ஏறி மற்றவை வாய்ப்பேச்சில் மட்டும் தங்கிவிடும்போது.

துறைகளைக் கடந்து

வந்தாறுமூலையிலிருந்து வடக்கே பிரதான வீதியில் மிதித்தால் மாவடிவேம்பு, சித்தாண்டி, முறக்கொட்டாஞ்சேனை, சந்திவெளி, பிறகு கிரான். கிரானில் மேற்கே திரும்பினால் புலிபாய்ந்தகல் வழியாக மலைக்குப் போகும் வீதி. திரும்பிய பிறகு இருபது கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும். கடை குறைவு, நிழலும் குறைவு. தண்ணீர்ப் போத்தலும் பஞ்சர் ஒட்டுகிற சாமானும் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். யானை நடமாடும் பகுதி என்பதால் பொழுது சாய முதல் திரும்பிவிடுவது நல்லது.

இந்தத் திருப்பத்தில் நீங்கள் ஒரு பழைய எல்லையைக் கடக்கிறீர்கள். வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஒரு வாவியை நடுவில் வைத்து, சூரியனைக் கொண்டு ஊரை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் எங்கட ஆட்கள். ஆஸ்பத்திரி, கச்சேரி, பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் எழுவான்கரையில். நெல், பால், விறகு, தேன் வருவது படுவான்கரையிலிருந்து. இரண்டையும் இணைத்தது துறைகளும் தோணிகளும். மண்முனையில் பாலம் வந்ததே 2014இல்தான். சந்திவெளியிலிருந்து திகிலிவெட்டைக்குப் படகில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போவது இன்றைக்கும் அங்குள்ளவர்களுக்கு உல்லாசப் பயணம் இல்லை, அன்றாட வேலை.

கிரான் வீதியும் மாரி வந்தால் பெரும்பாலும் தண்ணீருக்குள் போய்விடும். மேற்கே இருந்து வெள்ளம் இறங்கினால் பாலத்துக்கு மேலால் பாயும். அப்போது அங்கேயும் படகுதான். நாங்கள் வெயில் காலத்தில் போய் "சூப்பர் ரைட்" என்று சொல்லும் அதே வீதியில், மாரியில் பிள்ளைத்தாச்சிப் பெண்களையும் படகில்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

பெயர்களையும் கவனியுங்கள். புலிபாய்ந்தகல் என்றதும் வெளியூர் நண்பர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இலங்கைக் காட்டில் வரிப்புலி கிடையாது. ஊர்ப்பேச்சில் புலி என்றால் சிறுத்தைதான். வெட்டை என்றால் மரமில்லாத வெளி. மடு என்றால் தண்ணீர் தங்கும் பள்ளம். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் விலங்கையும் புல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு திரிந்தவர்கள். அவர்கள் யார்?

பட்டிக்காரரின் நாட்காட்டி

ஒரு கூட்டம், மாடு வளர்ப்பவர்கள். ஐப்பசியில் மழை தொடங்கி பெரும்போக வேளாண்மை விதைத்ததும், வயலோரத்தில் மாட்டை வைத்திருக்க முடியாது. பயிருக்குள் இறங்கிவிடும். அதனால் பட்டியை மேற்கே காட்டோர மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். மாதவனை, மயிலத்தமடு எல்லாம் அந்தத் தரைகள். அங்கே வாடி கட்டித் தங்கி, பால் கறந்து, அறுவடை முடிந்ததும் திரும்ப வயலுக்கு இறங்குவார்கள். வைக்கோலும் ஒட்டுத்தாளும் மாட்டுக்கு, சாணம் வயலுக்கு. மேய்ச்சல் தரையை எடுத்துவிட்டால் மாடு மட்டும் போகாது, இந்தச் சுற்றே அறுந்துவிடும்.

காலையில் எதிரே பால் கேன் கட்டிய சைக்கிள்கள் வந்தால், அது இந்த நாட்காட்டியின் ஒரு பக்கம். "மாட்டுக்கு எல்லை தெரியாது தம்பி, புல்லுத்தான் தெரியும்" என்று வழியில் ஒரு ஐயா எங்களுக்குச் சொன்னார். மனிதருக்கு எல்லை தெரிவதுதான் இப்போது சிக்கல். 1980களின் தொடக்கத்தில் மாதுறு ஓயா அணை முடிந்து, மகாவலித் திட்டத்தின் பி வலயம் உருவானது. மேய்ச்சல் தரைகள் அந்த வலயத்துக்குள் வருகின்றன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே பயிர் செய்வதாலும் மாடுகள் கொல்லப்படுவதாலும் தங்கள் தொழில் அழிகிறது என்று சொல்லி, பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்தார்கள். நாங்கள் மலைக்கு மிதித்துப் போன அதே பிரதான வீதி அது.

அந்த அணை கட்டும்போது பழங்கால மதகு ஒன்றும் மண்ணுக்குள் கிடைத்தது. புது அணைக்கு ஆட்கள் பார்த்த அதே இடத்தை ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆட்களும் தெரிவு செய்திருக்கிறார்கள். ஆக, இது யாருமே வாழாத காடு என்று எவரும் சொல்ல முடியாது.

இன்னொரு கூட்டம், வேடர்கள். இந்தக் கரைப்பக்கத்தில் தமிழ் பேசும் வேடர்கள் உண்டு. 1911இல் வேடர்கள் பற்றி நூல் வெளியிட்ட சேலிக்மன் தம்பதியர், இந்தக் கரையோர வேடரையும் அவர்களின் கப்பல் தெய்வச் சடங்கையும் பதிவு செய்திருக்கிறார்கள். காட்டுச் சனத்துக்கு ஏன் கப்பல் தெய்வம்? கடலுக்கும் காட்டுக்கும் நடுவில் ஆட்கள் போய்வந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1602 மே மாத முடிவில் மட்டக்களப்பில் இறங்கிய ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பேர்கன்கூட, கண்டியில் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்திக்க மேற்குக் காடுகளைக் கடந்துதான் போனார். காடு அப்போது முடிவிடம் இல்லை, வழி.

2007க்குப் பிறகு

இனி அந்த ஒரு திகதி. 2007 ஜனவரியில் வாகரை, மார்ச்சில் கொக்கட்டிச்சோலை, ஜூலை 11இல் குடும்பிமலை என்று கிழக்கு யுத்தம் முடிந்தது. ஜூலை 19இல் கொழும்பில் அரச விழா நடந்தது. அன்றிலிருந்து நாடு முழுக்கத் தெரிந்த பெயர் தொப்பிகல. அதே வருடம் படுவான்கரையிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்ததை அந்தப் பெயர் நினைவூட்டுவதில்லை.

மலையடியில் படையினர் அமைத்த மரபுரிமைப் பூங்கா இருக்கிறது. மரபுரிமை என்ற சொல் எங்கட மாகாணத்தில் சும்மா வரும் சொல் இல்லை. 2020 ஜூனில் கிழக்கின் தொல்லியல் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. முதலில் நியமிக்கப்பட்டவர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் பழமையைத் தீர்மானிக்க அவர்களில் ஒருவர்கூட வேண்டாம் என்றால், அங்கே தேடப்படுவது என்ன மாதிரியான பழமை என்று கேட்கத்தான் வேண்டும்.

அதற்குப் பதிலாக எல்லாமே தமிழருடையது என்று இன்னொரு பலகை நடுவதும் வரலாறு ஆகாது. பௌத்த எச்சம் கிடைத்தால் அதையும் படிப்போம். தமிழர் பௌத்தராக இருந்த காலமும் உண்டு. வேடரின் தடம், ஒல்லாந்தர் போன வழி, பட்டிக்காரரின் வாடி எல்லாம் ஒரே நிலத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஓர் அடுக்கை மட்டும் வெளிச்சம் போட்டுக் காட்டினால், இப்போது அங்கே வாழ்கிறவர்கள் நேற்று வந்த ஆட்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். மேய்ச்சல் தரை வழக்கு என்று வரும்போது அந்தத் தோற்றம் யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பது தெரிந்ததுதானே.

ஆகவே போங்கள், நல்லா மிதியுங்கள், மேலே ஏறிப் படமும் எடுங்கள். ஆனால் ஒரு கொப்பியும் பேனையும் கரியரில் கட்டிக்கொண்டு போங்கள். வழியில் வரும் ஒவ்வொரு மடுவுக்கும் வெட்டைக்கும் குளத்துக்கும் பெயர் கேளுங்கள், யார் வைத்தது, ஏன் வைத்தது என்று கேளுங்கள். பால் கேனோடு எதிரே வருகிறவர்களுக்கு அது தெரியும். அவர்களில் பலர் வயதானவர்கள். அந்தப் பெயர்கள் பெரும்பாலும் எந்த வரைபடத்திலும் இல்லை.