வீட்டுக்கு வந்த பவளம்

வீட்டிலே சிறியதொரு பவளத்தொட்டி அமைக்க விரும்புவோர் இன்று உப்புப் பொதி, காற்றுப்பம்பி, விளக்கு எனப் பட்டியலிடுவர். 1846இல் இங்கிலாந்தின் டோர்கீ கரையில், குளிர்கடலில் தனித்து வாழும் சிறு பவள உயிரிகளைக் கண்ட அன்னா தின் சீமாட்டியிடம் இவை எவையும் இருக்கவில்லை. ஊசியும் நூலும் இருந்தன. வழியில் அவை உருண்டு சிதையாதவாறு கடற்பஞ்சொன்றில் வைத்துத் தைத்து, கடல்நீர் நிரப்பிய சாடியில் லண்டனுக்குக் கொண்டுசென்றார். புதிய கடல்நீர் கிடைக்காதபோது, அவரது பணிப்பெண் திறந்த சாளரத்தின் முன் நின்று, நாள்தோறும் அரைமணி நேரத்துக்கும் மேலாக அந்நீரை மாறிமாறி ஊற்றினார். நீரில் பிராணவாயு கலந்தது இவ்வாறுதான். காற்றுப்பம்பியின் வரலாற்றை அந்தப் பெண்ணின் கைகளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பேன். மறு ஆண்டு கடற்தாவரங்களும் சேர்க்கப்பட்டன. பவளங்கள் ஏறத்தாழ 3 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தன.

பிலிப் ஹென்றி கொஸ் 1854இல் வெளியிட்ட 'த அக்குவாரியம்' என்ற நூல் இப்பொழுதுபோக்கைப் பெரும் மோகமாக்கியது. அதன் விலையைக் கரைகள் செலுத்தின. தந்தையின் நூல்களை வாசித்துக் கிளம்பிய சேகரிப்பாளர் கூட்டம் பாறைக்குழிகளைச் சூறையாடியதை அவரது மகன் எட்மண்ட், 1907இல் வெளிவந்த தமது நினைவுநூலில் பதிவுசெய்துள்ளார். தாம் எதிர்பாராத அவ்வழிவுக்குத் தமது எழுத்தே காரணமானதை மூத்தவரும் உணர்ந்து வருந்தினார் என்கிறார் மகன்.