ஒரு வெள்ளியில் எழுந்த துறை

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891-இல் இரயில் ஓடத் தொடங்கியது. முதலில் ஈயமும் காப்பியும் ஏறிப் போன அந்தப் பாதையில், இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள் ரப்பர் ஏறியது. லாபு, ரந்தாவ், லிங்கி, சிலியாவ், பகாவ் என்று மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்கக் காடு அழிந்து தோட்டமானது. கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் திரட்டிக் கொண்டுவந்தார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுப்பது, இருட்டோடு மரம் சீவப் போவது, வெயில் ஏறியதும் மங்குகளிலிருந்து பால் எடுத்து ஸ்டோருக்குச் சுமப்பது. மூன்று, நான்கு தலைமுறைகளின் காலை இப்படியே போயிற்று.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் சட்டத்தின் கட்டாயத்தால்தான் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தியாக வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல துரைமார்கள் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கூரையைப் போட்டு, படிக்கத் தெரிந்த கங்காணியையோ கிராணியையோ உட்கார வைத்துக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். ஓரளவு கையெழுத்து வந்ததும் பிள்ளை அம்மாவோடு மங்கு துடைக்கப் போய்விடும். தொடக்கப் பள்ளிக்கு மேலே தமிழில் படியே கிடையாது.

அப்படிப்பட்ட லயன் வீடுகளில் வாழ்ந்தவர்கள்தாம் ஒரு பல்கலைக்கழகத் துறைக்குப் பணம் கொடுத்தார்கள் என்பது மலேசியத் தமிழர் வரலாற்றில் பெருமையோடு சொல்ல வேண்டிய செய்தி.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அங்கே இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, ஆலோசனைக்கு அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி வடமொழிக்கு முதலிடம் தரப் பரிந்துரைத்தார். மலாயாவில் வாழும் இந்தியரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் மொழிக்கு இரண்டாம் இடமா என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி கொதித்தார். தலையங்கம் எழுதியதோடு நிற்காமல் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், கேட்டார். நகரத்து வணிகர்களோடு துறைமுகத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் கொடுத்தார்கள். பால் மரம் வெட்டுகிறவருக்கு நாள்கூலியே சில வெள்ளிதான் என்ற காலம் அது. அதில் ஒரு வெள்ளி என்பது அரிசியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் எடுத்துவைத்த காசு. துறை 1956-இல் எழுந்தது. தமிழ் அதன் முதன்மை மொழியாயிற்று. திரண்ட நிதி பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க உதவியது.

இந்திய இயல் போல, ஒரு நிலப்பகுதியின் மொழி, வரலாறு, சமயம், அரசியல் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் பட்டப்படிப்பை வட்டார ஆய்வு என்பார்கள். அமெரிக்காவில் இத்தகைய துறைகள் தழைத்ததற்குப் பனிப்போரும், 1958-இல் வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டமும், அரசு அள்ளிக் கொடுத்த பணமும் காரணம். எதிரி நாடுகளை அறிந்துகொள்ள அங்கே அரசு செலவழித்தது. தன்னைத் தானே அறிந்துகொள்ள இங்கே தொழிலாளி கொடுத்தான்.

துறை சில ஆண்டுகளில் கோலாலம்பூருக்கு இடம் மாறியது. 1961-இல் தனிநாயகம் அடிகள் அதன் தலைமையை ஏற்றார். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கத்தில் பிறந்து, ரோமில் சமயம் படித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவர் அவர். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை அவர் கூட்டியது கோலாலம்பூரில்தான். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கிவைத்தார். வெளிநாட்டு அறிஞர்கள் தமிழைப் பற்றிக் கட்டுரை படித்த அந்த அரங்கிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், நெகிரி செம்பிலான் தோட்டங்களில் துண்டாடல் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் கூறுபோடப்பட, லயத்தை விட்டுக் குடும்பங்கள் வெளியேறின. தோட்டங்களைத் தொழிலாளர் பணத்தாலேயே வாங்கிக் காப்பாற்ற அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்த நெருக்கடியில்தான்.

தோட்டத்தைப் பற்றிய ஆய்வு நூல்களும் அந்தக் காலத்தில்தான் வரத் தொடங்கின. கெர்னியல் சிங் சந்துவின் ‘மலாயாவில் இந்தியர்’ 1969-இல் வந்தது. அடுத்த ஆண்டு சின்னப்பா அரசரத்தினத்தின் நூலும், ரவீந்திர ஜெயின் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி எழுதிய மானிடவியல் நூலும் வந்தன. ஜெயின் அந்தத் தோட்டத்துக்கு ‘பால் மெலாயு’ என்று மாற்றுப்பெயர் வைத்தார். மூன்றும் ஆங்கிலத்தில் வந்தன. எந்த மக்களைப் பற்றி எழுதினார்களோ அவர்களில் பெரும்பாலோர் படிக்க முடியாத மொழி அது. வெள்ளி கொடுத்த வீட்டுப் பிள்ளை அந்தப் பல்கலைக்கழகத் துறையின் வகுப்புக்குள் நுழையத் தமிழ்ப்பள்ளி, புகுமுக வகுப்பு, இடைநிலைப் பள்ளி, ஆறாம் படிவம் என்று ஒவ்வொரு வாசலாகத் தாண்ட வேண்டியிருந்தது. வாசலுக்கு வாசல் கூட வந்தவர்கள் குறைந்தார்கள்.

இன்று நெகிரி செம்பிலானின் நீலாய்க்குப் போகிறவர்கள் ரப்பர் மரத்தைத் தேட வேண்டும். தனியார் உயர்கல்விக் கழகங்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, தோட்டங்கள் சூழ்ந்த அந்தச் சிற்றூர் கல்லூரி நகரமாக மாறியது. இன்டி பல்கலைக்கழகமும் நீலாய் பல்கலைக்கழகமும் அங்கே இருக்கின்றன. கல்விக் கடனுக்கு 1997-இல் பிடிபிடிஎன் வந்தது. தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் பலர் கடன் வாங்கித் தனியார் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அது உண்மையான முன்னேற்றம். ஆனால் தனியார் கல்லூரிகள் வளர்ந்தது வணிகம், கணினி, பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளை நம்பித்தான். கடனை அடைக்க வேலை வேண்டும் என்று நினைக்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. காலடி மண்ணின் கதையைப் பாடமாக வைக்காத கல்லூரியைக் கேள்வி கேட்கலாம். தனிப் பட்டப்படிப்பு வேண்டாம், ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் வைத்தால்கூடப் போதும்.

அதற்குள் அந்தக் கதைக்கான சான்றுகள் போய்க்கொண்டிருக்கின்றன. 1957-இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. நெகிரி செம்பிலானில் எஞ்சியவை 60-ஐ ஒட்டியவை, அவற்றில் பல இன்னும் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல்லைப் பெயரில் சுமக்கின்றன. ஒரு தோட்டம் மூடப்படும்போது பள்ளியின் வருகைப் பதிவேடு, கோயில் திருவிழாக் கணக்கு, செக்ரோல் என்ற கூலிப் பதிவுப் புத்தகம், சங்கச் சந்தா அட்டை எல்லாம் குப்பையோடு போகின்றன. லாபுவிலோ பகாவிலோ உங்கள் தாத்தா பாட்டியின் பெட்டியில் இவற்றில் ஒன்று இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்துவையுங்கள், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாருடையது என்று பின்னால் எழுதுங்கள், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.