பகல்நேர ஓட்ட விளக்கு

பகல்நேர ஓட்ட விளக்கு என்பது மகிழுந்து முதலிய மோட்டார் ஊர்திகளின் முன்புறத்தில் அமைக்கப்பட்டு, பொறி இயங்கத் தொடங்கியதும் தானாகவே எரியும் விளக்கு ஆகும். இரவில் பயன்படும் முகப்பு விளக்கைப் போல இது ஓட்டுநருக்குப் பாதையைக் காட்டுவதற்காக அமைந்ததன்று. ஊர்தி வருவதைப் பிறர் உடனே காணச் செய்வதே இதன் நோக்கம். பெரும்பாலான நாடுகளில் இது ஓட்டுநர்கள் கேட்டுப் பெற்ற வசதி அன்று. அரசின் விதியாலோ தயாரிப்பாளரின் முடிவாலோ வந்து சேர்ந்தது. இதனால் இவ்விளக்கின் பயனைப் பற்றிய ஆய்வுகளுடன், இதை ஓட்டுநர் விரும்புகிறாரா, விரும்பாதவர் அணைத்துவிடலாமா என்ற வாதமும் தொடக்கம் முதலே நிகழ்ந்து வந்துள்ளது.

செயற்படும் முறை

பகல் வெளிச்சத்தில் ஊர்தி கண்ணுக்குத் தெரிவது, அதன் நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டினால்தான். சாம்பல் நிற மகிழுந்து ஒன்று தார்ச்சாலையில், மர நிழலில் வரும்போது இவ்வேறுபாடு மிகக் குறைவு. ஊர்தியின் முன்புறத்தில் ஓர் ஒளிப்புள்ளி இருந்தால், கடைக்கண்ணிலும் அது படும். எதிர்த்திசையில் முந்த நினைப்பவரும் சாலையைக் கடக்க நிற்பவரும் சற்று முன்னதாகவே அதனை உணர்வர்.

இதற்கு மிகுந்த ஒளி தேவையில்லை. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 87ஆம் ஒழுங்குவிதி, தனி விளக்காக அமையும் பகல்நேர ஓட்ட விளக்கின் ஒளிச்செறிவை 400 முதல் 1,200 கேண்டெலா வரை என வரையறுக்கிறது. தனி விளக்கு இல்லாத ஊர்திகளில் முகப்பு விளக்கின் தாழ்கற்றையோ, மங்கலாக்கப்பட்ட உயர்கற்றையோ இப்பணியைச் செய்கிறது. தாழ்கற்றைக்குரிய ஆலசன் குமிழ் ஒன்று ஏறத்தாழ 55 வாட்டு மின்திறனை உண்ணும். அம்மின்சாரமும் எரிபொருளிலிருந்தே வருகிறது என்பது எதிர்ப்பாளர்கள் அடிக்கடி சொல்லும் குறை. எல்.இ.டி எனப்படும் ஒளியுமிழ் இருமுனையங்கள் வந்தபின் இக்குறை பெரும்பாலும் வலுவிழந்தது.

நோர்டிக் நாடுகள்

குளிர்காலத்தில் கதிரவன் நண்பகலிலும் அடிவானத்தை ஒட்டியே நிற்கும் வடநாடுகளில்தான் இவ்வழக்கம் சட்டமாயிற்று. பின்லாந்து 1972இல் ஊர்ப்புறச் சாலைகளில் குளிர்கால மாதங்களுக்கு இதனை விதித்தது. சுவீடன் 1977இல் ஆண்டு முழுவதும் எல்லாச் சாலைகளிலும் பகலில் விளக்கெரிய வேண்டும் என ஆணையிட்டது. நோர்வே, ஐசுலாந்து, டென்மார்க் ஆகியன பின்தொடர்ந்தன. டென்மார்க்கில் இது 1990இல் நடைமுறைக்கு வந்தது.

சுவீடனின் பட்டறிவு பிற நாடுகளுக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. 1981இல் வெளியான சுவீடிய ஆய்வு, ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்திகள் மோதும் பகல்நேர விபத்துக்கள் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்ததாக மதிப்பிட்டது. ஆனால் 1995இல் தெயூவசு, ரீமர்சுமா என்னும் இரு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, அம்முடிவு ஒப்பீட்டு முறையைப் பொறுத்து மாறக்கூடியது என எழுதினர். விளக்கு பயனற்றது என்று இதற்குப் பொருளன்று. பயனின் அளவு உறுதியாகத் தெரியவில்லை என்பதே பொருள்.

வட அமெரிக்கா

கனடா 1989 டிசம்பர் 1ஆம் நாளுக்குப் பின் தயாரிக்கப்படும் புதிய ஊர்திகள் அனைத்திலும் இவ்விளக்கைக் கட்டாயமாக்கியது. ஓட்டுநர் விளக்கைப் போடவேண்டும் என்பதன்று கனடாவின் விதி. ஊர்தியே போட்டுக்கொள்ளவேண்டும் என்பது. நினைவு வைத்துச் செய்யவேண்டிய கடமை ஒன்று ஓட்டுநரிடமிருந்து இயந்திரத்திற்கு மாற்றப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்குச் சில மாநிலச் சட்டங்கள் இத்தகைய விளக்குகளுக்குத் தடையாக இருந்தன. 1993இல் நடுவண் அரசின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அவற்றை அனுமதித்ததே தவிர, கட்டாயமாக்கவில்லை. செனரல் மோட்டார்சு நிறுவனம் 1995ஆம் ஆண்டு உருப்படிகளிலிருந்து இவற்றைப் பொருத்தத் தொடங்கியது. கனடாவுக்கு ஒரு வகை, அமெரிக்காவுக்கு வேறொரு வகை எனத் தயாரிப்பதைத் தவிர்ப்பது நிறுவனத்துக்கும் எளிது.

அமெரிக்க ஓட்டுநர்களின் முறையீடுகள் பெரும்பாலும் கண்கூச்சம் பற்றியன. ஐரோப்பிய உச்ச அளவு 1,200 கேண்டெலாவாக இருக்க, அமெரிக்க விதி மங்கலாக்கப்பட்ட உயர்கற்றைக்கு 7,000 கேண்டெலா வரை இடமளித்தது. உயரமான சரக்குந்து ஒன்றின் அத்தகைய விளக்கு, முன்னே செல்லும் மகிழுந்தின் பின்காட்டிக் கண்ணாடியில் நேராக விழும். இந்த எல்லையை 1,500 கேண்டெலாவாகக் குறைக்க 1998இல் முன்மொழிந்த நிர்வாகம், 2004இல் அதனைக் கைவிட்டது.

மற்றொரு மனக்குறை, அணைக்கும் பொத்தான் இல்லாமை. விலை கொடுத்து வாங்கிய ஊர்தியின் விளக்கைத் தம் விருப்பப்படி அணைக்க முடியாதது பலருக்கு எரிச்சலூட்டியது. உருகியைக் கழற்றியோ இணைப்பைத் துண்டித்தோ விளக்கை நிறுத்தியவர்களும் உண்டு. மறுபுறம், விளக்கு எரிவதையே கவனியாது ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களும் உண்டு. எண்ணிக்கையில் இவர்களே மிகுதியாக இருக்கக்கூடும்.

2001இல் செனரல் மோட்டார்சு, எல்லா ஊர்திகளிலும் இதனைக் கட்டாயமாக்குமாறு அரசிடம் விண்ணப்பித்தது. நிர்வாகத்தின் 2008ஆம் ஆண்டு ஆய்வோ, ஆராய்ந்த விபத்து வகைகளில் புள்ளியியல் நோக்கில் உறுதியான ஒட்டுமொத்தப் பயன் எதையும் காணவில்லை. சிறு சரக்குந்துகளும் வேன்களும் பிற ஊர்தியுடன் மோதும் விபத்துக்களில் மட்டும் 5.7 விழுக்காட்டுக் குறைவு தென்பட்டது. 2009இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

பின்புறம் இருண்ட ஊர்திகள்

இவ்விளக்கின் உண்மையான இடர், கண்கூச்சத்தைவிட அமைதியானது. பல ஊர்திகளில் பகல்நேர விளக்கு முன்புறம் மட்டுமே எரியும். பின் விளக்குகள் எரிவதில்லை. பழைய ஊர்திகளில் முகப்பு விளக்கைப் போட்டால்தான் கருவிப் பலகையும் ஒளிரும். அது இருண்டிருந்தால் விளக்குப் போடவில்லை என்று ஓட்டுநர் அறிவார். புதிய ஊர்திகளிலோ அப்பலகை எப்போதும் ஒளிர்கிறது. அந்தி வேளையில் முன்னே சிறிது வெளிச்சம் தெரிகிறது, பலகையும் ஒளிர்கிறது. எல்லா விளக்குகளும் எரிகின்றன என்று நம்பி ஓட்டுநர் செல்கிறார். பின்னால் வருபவருக்கு அவ்வூர்தி கண்ணிற் படுவதில்லை. கனடாவில் இவற்றுக்குப் 'பேய் ஊர்திகள்' என்றே பெயர் வழங்கிற்று.

இதனைத் தீர்க்க கனடா, 2021 செப்டம்பர் முதல் தயாரிக்கப்படும் ஊர்திகளுக்கு மூன்று வழிகளை வகுத்தது. பகல்நேர விளக்குடன் பின் விளக்குகளும் எரியவேண்டும். அல்லது இருளில் எல்லா விளக்குகளும் தாமாக எரியவேண்டும். அல்லது விளக்குப் போடும்வரை கருவிப் பலகை இருண்டிருக்கவேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம்

2008இல் வெளியான கட்டளை ஒன்றின்படி, 2011 பிப்ரவரி 7 முதல் புதிய வகை மகிழுந்துகளிலும் சிறு வேன்களிலும், 2012 ஆகத்து முதல் சரக்குந்துகளிலும் பேருந்துகளிலும் இவ்விளக்கு கட்டாயமாயிற்று. பழைய ஊர்திகளில் பொருத்த வேண்டியதில்லை. ஆசுத்திரியா 2005 நவம்பரில் பகலில் விளக்கெரிப்பதைக் கட்டாயமாக்கி, 2008 சனவரி 1 முதல் நீக்கிவிட்டது. விளக்கில்லாப் பாதசாரிகளிடமிருந்து கவனம் திரும்பிவிடும் என்பது அங்கு எழுந்த முதன்மையான அச்சம். காலப்போக்கில் எல்.இ.டி வரிசைகள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அடையாள வடிவமாகவே மாறின. கட்டாயத்தால் வந்ததை அழகுக்காக விரும்பி வாங்குவோரும் தோன்றினர்.

மோட்டார் சைக்கிள்கள்

மகிழுந்துகள் எல்லாம் ஒளிரத் தொடங்கினால் தாம் மறைந்துவிடுவோம் என ஐரோப்பிய மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் அமைப்புகள் எதிர்த்தன. பகலில் விளக்கெரிப்பதால் மிகத் தெளிவான பயன் பெற்றவர்கள் அவர்களே என்பதால் இவ்வெதிர்ப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. மலேசியா 1992இல் மோட்டார் சைக்கிள்களுக்குப் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியது. பிறர் கண்ணிற் படாமையால் நேரும் விபத்துக்கள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வொன்று மதிப்பிட்டது.

இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வரும் புதிய இருசக்கர ஊர்திகளில், பொறி இயங்கும்போது முகப்பு விளக்கும் தானாக எரியவேண்டும் என விதிக்கப்பட்டது. அவற்றில் விளக்கை அணைக்கும் பொத்தான் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சாலைகளில், விளக்கு மறதியாக எரிகிறது என எண்ணி, எதிரே வருபவர் விரல்களை விரித்து மூடிச் சைகை காட்டுவது நெடுநாளைய வழக்கம். விதி வந்த தொடக்க ஆண்டுகளில், புதிய ஊர்தி வாங்கியோர் அணைக்கவியலாத விளக்குக்காக இச்சைகையை நாள்தோறும் பெற்றனர்.