வியர்வை என்ற மூன்றாவது சிறுநீரகம்

டயலிசிஸ் செய்கிறவர்கள் என்றாலே எங்களுக்கு ஞாபகம் வருவது கட்டிலும் மெஷினும்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணித்தியாலம் என்றால் மொத்தம் 12 மணித்தியாலம். ஒரு வாரத்தில் 168 மணித்தியாலம் இருக்கு. மிச்ச 156 மணித்தியாலமும் மெஷின் இல்லாத நேரம். அந்த நேரத்தில் குடிக்கிற பிளேன்டீ, சோற்றிலும் சொதியிலும் இருக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பில் தேங்கும். கால் வீங்கும். இரத்த அழுத்தம் ஏறும். கூடிப்போனால் நுரையீரலில் நீர் கட்டி, படுத்தால் மூச்சு முட்டும். அதனால்தான் சிறுநீர் போவது நின்றுவிட்ட நோயாளி ஒவ்வொரு டம்ளரையும் அளந்து குடிக்கிறார்.

"அப்போ வியர்க்க வைத்தால் குறையும்தானே?" என்ற கேள்வி இந்த இடைவெளியில்தான் பிறக்குது. அசட்டுக் கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம். பெரிய பெரிய டாக்டர்மாரும் கேட்ட கேள்வி இது. இதன் வரலாறு எங்கள் தெல்தெனிய வழியாகவும் போகுது.

முதலில் பழைய கதை. எங்கள் ஊர்களில் உடம்பு வியர்க்க வைப்பது தெரிந்த வைத்தியம். சித்த வைத்தியத்தில் வேது பிடித்தல், ஆயுர்வேதத்தில் ஸ்வேதனம். ஐரோப்பாவிலும் இதே நினைப்புத்தான். உடம்பு வீங்கிச் சாகிறவர்களின் சிறுநீரகம் பழுதாகி இருக்கு, சிறுநீரில் புரதம் போகுது என்று 1827இல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி டாக்டர் ரிச்சர்ட் பிரைட் எழுதினார். நோயைக் கண்டுபிடித்தார், ஆனால் மருந்து இல்லை. கையில் இருந்தது இரத்தம் எடுப்பது, பேதி கொடுப்பது, வெந்நீர்க் குளியலிலும் மருந்திலும் வியர்க்க வைப்பது. சிறுநீரகம் செய்யாததைத் தோல் செய்யட்டும் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கில் ஓரளவு உண்மையும் இருந்தது. சிறுநீரகம் முற்றாகக் கைவிட்டவர்களின் வியர்வையில் யூரியா மிகவும் கூடும். வியர்வை காய்ந்ததும் முகத்தில் வெள்ளைத் தூள் மாதிரி அது படிந்து நிற்பதை அந்தக் காலத்து டாக்டர்மார் பார்த்திருக்கிறார்கள். தோல் உண்மையாகவே முயற்சி செய்தது. ஆனால் சுகமான இரண்டு சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்து, ஒன்றரை லீற்றர் அளவைத்தான் வெளியே விடும். அப்படித் தெரிந்தெடுக்கிற வேலை தோலுக்குத் தெரியாது.

மெஷின் வந்தது இரண்டாம் உலகப் போருக்கு நடுவில். ஜேர்மனி பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில், கம்பன் என்ற சின்ன டவுனில், 1943இல் வில்லெம் கோல்ஃப் சொசேஜுக்குப் பயன்படுத்துகிற செலோபேன் குழாயை உருளையில் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தை ஓட்டினார். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் அதனால் பிழைத்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக இரத்தக் குழாயை வெட்ட வேண்டி இருந்தது. 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையிலேயே நிரந்தரமாக இருக்கும் டெஃப்லொன் குழாயைப் பொருத்திய பிறகுதான் ஒரே ஆள் வருஷக்கணக்கில் டயலிசிஸ் செய்ய முடிந்தது.

உடனே இன்னொரு பிரச்சினை வந்தது. ஆட்கள் நிறைய, மெஷின் கொஞ்சம். யாருக்குக் கொடுப்பது? சியாட்டிலில் ஏழு பேர் கொண்ட ஒரு குழு அதைத் தீர்மானித்தது. வருமானம், குடும்பம், தேவாலயத்துக்குப் போகிறாரா என்றெல்லாம் பார்த்தார்கள். 1962இல் லைஃப் சஞ்சிகை அதை வெளியே கொண்டுவந்தபோது அமெரிக்காவே அதிர்ந்தது. 1972இல்தான் டயலிசிஸ் செலவை அரசாங்கம் ஏற்கும் சட்டம் வந்தது.

வியர்வை திரும்ப வருவது அந்தப் பற்றாக்குறைக் காலத்தில்தான். ஜோன் மெரில் சாதாரண ஆள் இல்லை. 1954இல் பொஸ்டனில் உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சையைச் செய்த குழுவில் இருந்தவர். அவரும் ஸ்னைடர் என்பவரும் 1966இல் வெளியிட்ட கட்டுரை, நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு சௌனா குளியல் பற்றியது! அதே 1966இல் நியூயோர்க்கில் பிரெஷியா, சிமினோ குழுவினர் கையில் நாளத்தையும் நாடியையும் இணைக்கும் ஃபிஸ்டுலா முறையை வெளியிட்டார்கள். ஃபிஸ்டுலா உலகம் முழுக்கப் போனது. சௌனா நூலகத்தில் தங்கிவிட்டது.

ஏன்? வியர்வையில் தண்ணீர் போகும், உண்மை. ஆனால் இரத்தத்தில் இருப்பதை விட வியர்வையில் உப்புக் குறைவு. அதனால் வியர்க்க வியர்க்க இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறும், தாகம் எடுக்கும், திரும்பக் குடிக்க வேண்டி வரும். இதயத்தை நிறுத்தக்கூடிய பொட்டாசியம் வியர்வையில் சொற்பம்தான் போகும். அளவுக்கு மீறினால் இரத்த அழுத்தம் விழும், ஃபிஸ்டுலாவில் இரத்தம் கட்டியும் போகலாம். டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடிய விளையாட்டு இல்லை இது. உண்மையான பூட்டு உப்பில்தான் இருக்கு. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற ஒரு லீற்றர் சேலைனில் 9 கிராம் உப்பு. திருப்பிப் பார்த்தால், வெளியேறாத ஒவ்வொரு 9 கிராம் உப்பும் உடம்பில் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கருவாடு, அச்சாறு, பப்படம், லுனுமிரிஸ் இதையெல்லாம் குறைக்காமல் வியர்த்து மட்டும் ஜெயிக்க முடியாது.

இனி தெல்தெனிய. 1977இல் வந்த ஜே.ஆர். அரசாங்கம் மகாவலியின் 30 வருஷத் திட்டத்தை ஆறு வருஷமாகச் சுருக்கியது. பிரித்தானியப் பணத்தில் விக்டோரியா அணை எழுந்தது. 1985 ஏப்ரலில் மார்கரெட் தட்சரும் வந்து திறந்து வைத்தார். பழைய தெல்தெனிய டவுன் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அதன் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரியும். மேலே புது டவுன் கட்டினார்கள். இடம்பெயர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மலைக்குக் கீழே, உலர் வலயத்தில், மகாவலி 'சி' வலயத்தில் காணி கொடுத்தார்கள். கிராந்துருகோட்டே அந்த வலயத்தில்தான் இருக்கு.

1990களில் வட மத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவிய, மெதிரிகிரிய பக்கம் புதிய மாதிரி சிறுநீரக நோய் ஒன்று தெரிய வந்தது. சீனி வியாதி இல்லை, பிரஷர் இல்லை, ஆனாலும் நெல் விவசாயிகளின் சிறுநீரகம் பழுதானது. கிராந்துருகோட்டேயும் பிறகு அந்த வரைபடத்தில் சேர்ந்தது. காரணம் இன்னும் முடிவாகவில்லை. கடினமான கிணற்று நீர், புளோரைட், கட்மியம், கிருமிநாசினி என்று பட்டியல் நீளும். 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்து, பிறகு தடையைத் தளர்த்தியது வரை அரசியலும் கலந்தது.

அந்தப் பட்டியலில் வியர்வையும் இருக்கு. எல் சல்வடோரின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடம் இதே மாதிரி நோய் இருப்பதை 2002இல் எழுதினார்கள். வெயிலில் வேலை செய்து, வியர்த்து, குடிக்கத் தண்ணீர் போதாமல் தினமும் சிறுநீரகம் அடிபடுகிறது என்பது அங்கே பலமான கருத்து. தண்ணீர், ஓய்வு, நிழல் என்று திட்டமே போட்டார்கள். இலங்கைக்கு இது அப்படியே பொருந்துமா? யாழ்ப்பாணத்திலும் வெயில்தானே, அங்கே ஏன் இந்த நோய் இவ்வளவு இல்லை என்று கேட்பவர்களின் கேள்வியும் நியாயம். வெயில் தனியாகக் குற்றவாளி இல்லாவிட்டாலும், கூட்டாளியாக இருக்கலாம்.

ஒரே வியர்வை. வயலில் இருக்கும்போது அது உழைப்பு, ஒருவேளை நோயின் ஒரு காரணமும். நோயாளியான பிறகு அதையே வைத்தியம் என்று தேடுகிறோம். பிரைட்டின் காலத்தில் மெஷினே இல்லை, மெரிலின் காலத்தில் மெஷின் போதவில்லை. சிகிச்சைக்குப் போக முடியாத இடைவெளியில்தான் தோலிடம் கேட்கிறோம். 2021இல் பொலன்னறுவையில் சீன உதவியோடு சிறுநீரகத்துக்கென்றே தேசிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது பெரிய விஷயம். ஆனாலும் கிராந்துருகோட்டே பக்கத்திலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் மஹியங்கனை வீதியில் 18 வளைவும் ஏறி, ஹுன்னஸ்கிரிய தாண்டி, தெல்தெனிய வழியாகத்தான் வரணும். அவர்களில் சிலருடைய பழைய ஊரே இதுதான்.

அதனால் "வியர்த்தால் குறையுமா?" என்று யாராவது கேட்டால், "கொஞ்சம் குறையும், ஆனால் அதை நம்ப வேண்டாம், உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்று பதில் சொல்லலாம். அதோடு நாங்கள் ஒன்றைத் திருப்பிக் கேட்கணும்: அவருக்கு வாரத்தில் எத்தனை தடவை மெஷின் கிடைக்குது, எவ்வளவு தூரத்தில்?